பதினெட்டு இடமும் ஒரு கப்டனும்

அந்தக் கிளப்பின் செயலாளரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆள் செத்துப்போயிருக்கக்கூடும். இருந்தாலும் மன்னிக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. நானும் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பனுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். இப்போது மெல்பனின் வடக்கு ஓரத்துக் கிரெய்கிபர்னில் தடுக்கி விழுந்தால் தமிழ்க்கடை வாசலில்தான் விழவேண்டும். அப்போது அங்கே மாடு மேய்ந்தது. நாங்கள் இருந்தது அதற்கு இப்பால், வடக்கே ட்ராம் ஓடி முடியும் இடத்துக்குக் கிட்ட ஒரு செங்கல் வீட்டில். அந்தத் தெருவில் நாங்கள் மட்டுந்தான் கறுத்த ஆட்கள். பக்கத்து வீட்டில் எண்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு மனிதரும், அவருடைய கல்யாணம் கட்டாத மகளும் இருந்தார்கள். மகளுக்கே ஐம்பத்தைந்து வயது இருக்கும். தெருவில் எல்லாரும் அந்த மனிதரைக் கப்டன் என்றார்கள். நான் முதலில் பட்டாளத்துக் கப்டன் என்று நினைத்தேன்.

அவர் ஃபுட்டிக் கப்டன். முட்டை வடிவப் பந்தைக் காலாலும் உதைத்து, கையாலும் பிடித்து, ஒருவர் தோளில் ஒருவர் ஏறி விழுந்து விளையாடுவார்களே, அந்த விளையாட்டு. முதல் உலக யுத்தத்துக்கு முந்திய ஆண்டுகளில் எங்கள் பகுதிக் கிளப்புக்கு அவர்தான் தலைவர். வாரநாளில் செங்கல் சூளையில் வேலை, சனிக்கிழமை விளையாட்டு.

நான் அவரை அறிந்தது விளையாட்டால் அல்ல, அவருடைய காலால். கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் ஒன்று. நான் ஆஸ்பத்திரித் தாதி என்று கேள்விப்பட்டு மகள் வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். அன்றிலிருந்து ஓய்வு கிடைத்த நாட்களில் போய் மருந்து கட்டினேன். மருந்து கட்டும்போது மனிதரின் உடம்பைப் பார்த்தேன். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்தன. மூக்கு இரண்டு தரம் உடைந்தது. ஒரு தோள் மற்றத் தோளைவிடத் தாழ்ந்திருந்தது. ஒரு ஆளுக்கு எப்படி இவ்வளவு விதமான காயம் வரும் என்று கேட்டேன்.

"ஒரு இடத்தில நிண்டு விளையாடியிருந்தா ஒரு விதமான காயம் வந்திருக்கும், பிள்ளை. நான் எல்லா இடத்திலயும் நிண்டனான்," என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் அந்த ஊர் ஆட்கள் பேசியதெல்லாம் என் நினைவில் எங்கள் தமிழாகத்தான் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டில் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். மூன்று மூன்று பேராக ஐந்து வரிசை, மிச்ச மூன்று பேர் பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள். ஒவ்வொருவனுக்கும் ஓரிடம், அந்த இடத்துக்கு ஒரு பெயர். வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் கப்டன் கரும்பலகையில் சோக்கால் பதினேழு பேரின் பெயரை அவரவருக்கு ஏற்ற இடத்தில் எழுதுவாராம். எழுதி முடிய எந்த இடம் மிஞ்சுகிறதோ அங்கே தன் பெயரை எழுதுவார். கோல் காக்கிறவனுக்குக் காலுடைந்தால் அந்த இடம். உயரமானவன் சூளையில் கை சுட்டுக்கொண்டால் அவனுடைய இடம். கோல் அடிக்கிறவன் குடித்துவிட்டு வராவிட்டால், அன்றைக்குக் கப்டன் கோல் அடிப்பார்.

"உங்களுக்கு எந்த இடத்தில நிக்க விருப்பம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதை ஒருத்தரும் கேட்டதில்லை," என்று சொல்லிவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

எனக்கு ஏன் இந்த மனிதரின் கதை நெஞ்சுக்குள் போய்க் குந்தியது என்பதையும் சொல்லவேண்டும். நான் ஊரில் ஒரு வார்டையே நடத்தியவள். இங்கே வந்தபிறகு எனக்கென்று ஒரு வார்டு கிடையாது. காலையில் போய் நிற்பேன். பிரசவ வார்டில் ஆள் குறைந்தால் அங்கே, எலும்பு முறிவில் குறைந்தால் அங்கே, சின்னப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் அங்கே. அந்த ஆண்டு ஒரு வார்டுக்குப் பொறுப்புத் தாதி பதவி வந்தது. நான் கேட்டேன். என்னிடம் வேலை பழகிய ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். ஏனென்று கேட்டதற்குத் தாதிகளுக்கெல்லாம் தலைவியான மேற்றன் சிரித்த முகத்தோடு, "உன்னை எங்கே வேணுமெண்டாலும் அனுப்பலாம். ஒரு இடத்தில கட்டி வைச்சா எங்களுக்கெல்லோ நட்டம்," என்றாள். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொன்னாள். கறிவேப்பிலைக்கும் அதே பாராட்டுத்தான். எந்தக் கறிக்கும் போடுவார்கள், சாப்பிடும்போது எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பார்கள்.

வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் கணக்காளர். கோபம் என்பதே அவருக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு. "விடுமப்பா, சம்பளம் வருகுதுதானே," என்றார். அன்றிரவு அவருக்கு இடியப்பத்துக்குச் சொதி கிடைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கிளப்புக்கு ஒரு பெரிய ஆண்டு நிறைவு வந்தது. தொடங்கிய நாள் முதல் விளையாடியவர்கள் எல்லாரிலும் சிறந்த பதினெட்டுப் பேரைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டார்கள். பெயர்களைப் பலகையில் பொறித்துக் கிளப் மண்டபத்தில் என்றைக்கும் இருக்கிறமாதிரி மாட்டுவார்களாம். கப்டன் அந்தச் செய்தியை மகளைக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தார். நான் மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். அவராகவே பேசினார்.

"நான் விளையாடினதைக் கண்ட ஒருத்தரும் இப்ப உயிரோடை இல்லை, பிள்ளை. எல்லாரையும் புதைச்சாச்சு. நான் போனா, இப்படி ஒருத்தன் விளையாடினான் எண்டு சொல்ல ஆளில்லை. அந்தப் பலகையில ஒரு இடம் கிடைச்சா நல்லது. எந்த இடமெண்டாலும் பரவாயில்லை."

அந்த மனிதர் தனக்கென்று ஒன்றைக் கேட்டதை நான் அந்த ஒருமுறைதான் கேட்டேன். மகள் குசினியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு நின்றாள். "கட்டாயம் கிடைக்கும் அப்பா," என்றாள். எனக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. அவர் இல்லாமல் வேறு யார்?

சில கிழமை கழித்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கிளப் நிறத்து ரை, தலைக்கு எண்ணெய். கப்டன் பின்னறையில் கண்ணயர்ந்திருந்தார். நானும் மகளும் குசினியில் இருந்தோம். மகள் தேத்தண்ணி ஊற்றி, தான் சுட்ட கேக்கை வெட்டி வைத்தாள். செயலாளர் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே, பெரிய நாளன்று கப்டன் சிறப்பு விருந்தினராக வரவேண்டும், தெரிவான பதினெட்டுப் பேருக்கும் அவர்தான் தொப்பி அணிவிக்க வேண்டும் என்றார்.

மகள் கேட்டாள், "அப்பாவுக்கு ஆர் தொப்பி போடுறது?"

செயலாளர் கோப்பையைக் கீழே வைத்தார். "அங்கைதான் ஒரு சின்னச் சிக்கல்," என்றார்.

சிக்கல் இதுதான். அவர்களுடைய குழு பழைய பதிவுகளை வைத்து ஒவ்வொரு இடமாக எடுத்து வாக்குப் போட்டது. இந்த இடத்தில் யார் சிறந்தவன், அந்த இடத்தில் யார் சிறந்தவன் என்று. ஒரே இடத்தில் பத்து வருடம் நின்றவனுக்கு அந்த இடம் போனது. கப்டனின் பெயர் கிட்டத்தட்ட எல்லா இடத்துக்கும் வந்ததாம். எல்லா இடத்திலும் இரண்டாவதாக வந்ததாம். "வடிவா யோசிச்சுப் பாத்தம். அவரை எந்த இடத்தில போடுறதெண்டு தெரியேல்லை," என்றார், ஏதோ கப்டன் செய்த பிழை போல.

"அப்ப அந்த அணிக்குத் தலைவர் ஆர்?" என்று மகள் கேட்டாள். அவளுடைய குரல் மெலிந்து போயிருந்தது.

அதற்கும் ஒருவரைப் போட்டிருந்தார்கள். இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு வந்த ஒருவர். இப்போது கார் விற்கிறவர்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வந்த ஊரில் வாயை அடக்கவேண்டும் என்று கணவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அடக்க முடியவில்லை. "இடமில்லாமல் நிண்டவரெண்டோ நினைக்கிறியள்? மற்றவைக்கு நல்ல இடத்தைக் குடுத்திட்டு மிஞ்சினதில நிண்டவர். நீங்கள் தெரிஞ்செடுத்த ஆக்களில எத்தினை பேருக்கு அந்த இடத்தைக் குடுத்ததே இவர்தான், தெரியுமோ?" என்றேன்.

செயலாளர் என்னை முதல்முறையாகப் பார்த்தார். என் சேலையையும் பார்த்தார். "நீங்கள் இந்த விளையாட்டுக்குப் புதுசு, மிஸிஸ். இது கொஞ்சம் சிக்கலான விளையாட்டு," என்று பொறுமையாகச் சொன்னார்.

என்ன சிக்கல்? பதினெட்டு வீட்டுக்கும் கூரை போட்டவனுக்கு ஒரு வீடு இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எந்த விளையாட்டுத் தெரியவேண்டும்? மேற்றனின் சிரிப்பும் இந்த மனிதரின் பொறுமையும் ஒரே கடையில் வாங்கியவை. பதில் சொல்ல வாயெடுத்தபோது பின்னறையிலிருந்து கப்டனின் குரல் வந்தது. அவர் தூங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"நான் வாறனெண்டு சொல்லு, மகள். தொப்பி போட ஆள் வேணுமெண்டா நான் போடுறன்."

செயலாளருக்கு முகம் மலர்ந்தது. இன்னொரு துண்டு கேக்கும் எடுத்தார். ஆளைப் பாருங்கள்.

அவர் போனபிறகு மகள் அழுதாள். நான் போய்க் கப்டனுடன் சண்டை பிடித்தேன். புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டே சண்டை பிடித்தேன். "ஏன் போறியள்? ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி எண்டு எங்கடை ஊரில சொல்லுவினம். நீங்கள் இளகிக் குடுக்கக் குடுக்க இவங்கள் ஏறிக்கொண்டுதான் இருப்பாங்கள்," என்றேன். பிள்ளையாரையும் ஆண்டியையும் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவதற்குள் பாதிக் கோபம் வீணாய்ப் போனது. கப்டன் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆள் குறையுது எண்டு கூப்பிட்டா நான் இல்லையெண்டு சொன்னதில்லை, பிள்ளை. எப்பிடிச் சொல்லுறதெண்டே தெரியாது," என்றார். நான் துணியை முடிச்சுப் போட்டேன். எனக்கும் அது தெரியாது. அடுத்தநாளும் நான் ஆள் குறைந்த வார்டுக்குத்தான் போனேன்.

வீட்டில் கணவர் கேட்டார், "அடுத்த வீட்டு மனுசனுக்காக நீர் ஏனப்பா இப்பிடிக் கொதிக்கிறீர்?"

"எல்லாத்திலயும் இரண்டாவதா வந்தவன் மொத்தத்தில எத்தனையாவது? நீங்கள் கணக்குப் படிச்சனீங்கள்தானே, சொல்லுங்கோ," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதலாவது," என்றார் மெல்ல. பிறகு, விழா நடக்கிற சனிக்கிழமை காரைத் தானே ஓட்டி வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை மழை இல்லை, ஆனால் தெற்குக் காற்று. மகள் அவருக்குப் பழைய கோட்டை மினுக்கிப் போட்டுவிட்டிருந்தாள். கால் வீங்கியிருந்ததால் சப்பாத்து ஒன்றுக்கு நாடா கட்டவில்லை. கிளப் கட்டடம் மைதானத்தின் ஒரு முனையில், கோல் கம்பங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் முன்னால் புல் ஓரத்தில் விருந்தினருக்குக் கதிரை போட்டிருந்தார்கள். எங்களை அதில் இருத்தினார்கள். விழா முடியக் கிளப்பின் ஆட்டமும் இருந்ததால் சனம் நிறைய. இறைச்சிப் பணியார மணமும் பியர் மணமும். மகள் அவருக்கு ஒரு பக்கம், நான் மறுபக்கம், கணவர் பின்னால்.

முதலில் தொப்பி. உயிரோடிருந்தவர்கள் தாங்களே வந்தார்கள். செத்தவர்களுக்காக மகனோ பேரனோ வந்தான். வரிசையாக வந்து கப்டனுக்கு முன்னால் குனிந்தார்கள். அந்தத் திசைகெட்ட விரல்களால் ஒவ்வொரு தலையிலும் தொப்பியை வைத்தார். கார் விற்கிறவர் குனிந்தபோது மட்டும் தொப்பி கொஞ்சம் காதுப்பக்கம் சரிந்தது. வேண்டுமென்று செய்தாரோ தெரியாது. செய்திருக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

பிறகு ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல ஒவ்வொருவரும் மைதானத்துக்குள் நடந்து போய் அவரவர் இடத்தில் நிற்கவேண்டும். பதினெட்டுப் பேரும் நின்றதும் மேல்மாடியிலிருந்து படம் பிடிப்பார்கள். அந்தப் படமும் பலகையோடு மண்டபத்தில் தொங்கும். சனம் கைதட்டியது. ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். கடைசியில் ஒரு பெயர் சொன்னார்கள், எவரும் போகவில்லை. திரும்பவும் சொன்னார்கள். அந்த ஆள் செத்து நெடுங்காலம். குடும்பம் குயின்ஸ்லாந்தில், வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. கோலுக்குப் பக்கத்து மூலையில், எங்கள் கதிரைகளுக்கு நேர் முன்னால், ஓரிடம் வெறும் புல்லாகக் கிடந்தது.

கப்டன் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் நல்ல பெடியன்," என்றார். "வேற ஒரு இடத்திலயும் அவனுக்கு விளையாட வராது. அதாலை அந்த இடத்தை அவனுக்குக் குடுத்தன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்கு எந்த இடம் விருப்பமெண்டு கேட்டனீ. அதுதான்."

மகள் தன் தகப்பனை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரியாது. ஐம்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் ஓடி வந்தார். மேல்மாடியைக் காட்டினார், படக்காரன் காத்திருக்கிறான், ஆட்டம் தொடங்க நேரமாகிறது, பதினேழு பேரோடு படம் வடிவாக இராது என்றார். பிறகு கப்டனின் தோளில் கை வைத்தார். தாழ்ந்த தோளில்.

"கப்டன், ஒரு ஆள் குறையுது. ஒருக்கா அந்த இடத்தில போய் நிக்கிறியளோ? உங்களுக்கு எந்த இடமும் சரிதானே. படத்துக்குக் கீழை செத்தவரின்ரை பேரைத்தான் போடுவம், உங்களுக்கு ஒரு கரைச்சலும் இராது."

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனிதனையே கடித்த கதை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கதிரையை விட்டு எழும்பினேன். என்ன சொல்லியிருப்பேனோ, எந்த மொழியில் சொல்லியிருப்பேனோ தெரியாது. என் கணவர், கோபமே வராத அந்த மனிதர், எனக்கு முந்தி, "வெக்கமில்லையோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார். செயலாளருக்கு அது விளங்கவில்லை. குரல் விளங்கியிருக்கவேண்டும். ஒரு அடி பின்னால் போனார்.

ஆனால் கப்டன் எழும்பிக்கொண்டிருந்தார். ஆள் குறைகிறது என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த உடம்பு தானாகவே எழும்பியது. தடியை ஊன்றி, நாடா கட்டாத சப்பாத்தோடு, புல்லின் ஓரத்து வெள்ளைக் கோடுவரை போய்விட்டார். "அப்பா, வேண்டாம்," என்று மகள் சொன்னாள். எனக்கு அவர்மேலேயே ஆத்திரம் வந்தது. போகாதே மனிசா, ஒருமுறையாவது போகாதே என்று நெஞ்சுக்குள் கத்தினேன்.

கோட்டில் நின்றார். முன்னால் அவருடைய இடம், எட்டு அடி வைத்தால் வந்துவிடும். சனம் யாரென்று தெரியாமலே கைதட்டத் தொடங்கியது. கப்டன் நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

"மாட்டன்," என்றார் செயலாளரிடம். "அது அப்பிடியே கிடக்கட்டும். நான் விளையாடின காலத்தில இந்தக் கிளப்பில ஒருத்தரும் ஒரு ஓட்டையைக் கண்டதில்லை. இப்ப பாருங்கோ, ஓட்டை எப்பிடி இருக்குமெண்டு."

வந்து கதிரையில் இருந்தார். மகள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன், கோபத்தில்தான் அழுதேன்.

அவர்கள் ஓட்டையைப் பார்த்தார்களா? எங்கே பார்த்தார்கள். மேல்மாடியிலிருந்து படக்காரன் கத்தினான். செயலாளர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, ரையைச் சரிசெய்துகொண்டு, தானே ஓடிப்போய் அந்த இடத்தில் நின்றுகொண்டார். மார்பை நிமிர்த்திச் சிரித்தார். கிளப்புக்காக ஒருநாளும் பந்தைத் தொடாத மனிதர்.

கப்டன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதுக்குக் கிட்டக் குனிந்தார். "பிழையான இடத்தில நிக்கிறான். கோலுக்குக் கிட்டப் போயிட்டான். இன்னும் முன்னுக்கு வரவேணும்," என்றார். முன்னுக்கு வா என்று சைகை காட்டக் கையை உயர்த்தினார். பாதியில் அந்தக் கை நின்றது. மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வீட்டை போவம்," என்றார்.

ஆட்டம் தொடங்க இன்னும் சில நிமிடம் இருந்தது. அந்த மைதானத்தை விட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பு, அவர் வெளியே போனது அதுதான் முதல்தடவை என்று மகள் காரில் சொன்னாள்.